சிடி என்றால் பழசு, தட்டு என்றால் புதுசு: ‘ஹிஸ்டீரியா’ வாங்கப் போகிறவர்களுக்கு

டெஃப் லெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘ஹிஸ்டீரியா’ ஆல்பத்தை நான் நான்கு முறை காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். முதலில் கேசட், அப்புறம் சிடி, அப்புறம் ஆசைப்பட்டு 1987இல் அச்சான பழைய இசைத்தட்டு, கடைசியாக முப்பதாம் ஆண்டை ஒட்டி 2017இல் வந்த ரீமாஸ்டர் (பழைய பதிவின் ஒலியை மறுபடி சரிபார்த்து வெளியிட்ட) இரட்டைத் தட்டு. போன வாரம் நண்பர் ஒருவர் “எதை வாங்கலாம், புதுசா பழசா?” என்று கேட்டார். போனில் அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை, அதனால் எழுதியே விடுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிடியில் கேட்பவர் என்றால் 1987 சிடியைத் தேடிப் பிடியுங்கள், ரீமாஸ்டர் வேண்டாம். டர்ன்டேபிள் வைத்திருப்பவர் என்றால் பழைய தட்டின் பக்கமே போகாதீர்கள், 2017 இரட்டைத் தட்டுதான். ஒரே ஆல்பத்துக்கு இப்படி எதிரும் புதிருமாக இரண்டு பதில் வருவது விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் இந்த ஆல்பம் எப்படி உருவானது, எவ்வளவு நீளம் என்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவான குழு, ஐந்து பையன்கள். 1983இல் இவர்களுடைய முந்தைய ஆல்பம் ‘பைரோமேனியா’ அமெரிக்காவில் பிய்த்துக்கொண்டு போனது. அடுத்த ஆல்பத்துக்கு 1984இல் உட்கார்ந்தார்கள். அதற்கு முன் இரண்டு ஆல்பங்களைத் தயாரித்த ‘மட்’ லாங் களைத்துப் போயிருந்தார், வரவில்லை. அவருக்குப் பதிலாக ஜிம் ஸ்டைன்மன் வந்தார், ஒத்துவரவில்லை, போய்விட்டார். அந்த ஆண்டின் கடைசி நாள், டிசம்பர் 31, ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் கார் கவிழ்ந்து டிரம்மர் ரிக் ஆலனுக்கு இடது கை போனது. வயது 21. வேறு எந்த இசைக்குழுவாக இருந்தாலும் வேறொரு டிரம்மரைத் தேடியிருக்கும். இவர்கள் காத்திருந்தார்கள். இடது கை செய்த வேலையை இடது காலுக்கு மாற்றி, மிதிகட்டைகள் வைத்த மின்னணு டிரம்ஸை உருவாக்கிக்கொண்டு, 1986 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டோனிங்டன் ராக் விழா மேடையில் ரிக் ஆலன் மறுபடி உட்கார்ந்தார். இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நடுவில் லாங் திரும்பி வந்தார். நெதர்லாந்தின் ஹில்வர்சம், டப்ளின், பாரிஸ் என்று ஊர் ஊராகப் பதிவு நடந்தது. லாங்கின் கணக்கு தெளிவாக இருந்தது: மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ மாதிரி, எந்தப் பாட்டை எடுத்துத் தனியாக வெளியிட்டாலும் ஓட வேண்டும், அதை ஒரு ராக் குழு செய்து காட்ட வேண்டும். 1987 ஆகஸ்ட் 3இல் ஆல்பம் வெளிவந்தபோது செலவு எங்கேயோ போயிருந்தது. போட்ட காசு திரும்பவே ஐம்பது லட்சம் பிரதிகள் விற்றாக வேண்டும் என்று குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டு பாட்டில் ஏழு சிங்கிளாக, அதாவது தனித் தட்டாக, வந்தன. அமெரிக்காவில் உடனே பற்றிக்கொள்ளவில்லை. ‘போர் சம் ஷுகர் ஆன் மீ’ வந்த பிறகுதான் பற்றியது, 1988 ஜூலையில்தான், கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து, அங்கே முதலிடத்துக்கு வந்தது. அந்தப் பாட்டே கடைசி நேரத்தில் சேர்ந்தது. ஆல்பம் முடிந்த மாதிரிதான் என்ற நிலையில் பாடகர் ஜோ எலியட் இடைவேளையில் அக்கூஸ்டிக் கித்தாரை வைத்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்க, லாங் காதில் அது விழுந்து, இதை விடக் கூடாது என்று பிடித்துக்கொண்டார். உலகம் முழுக்க இரண்டு கோடிக்கு மேல் விற்ற ஆல்பத்தின் தலைவிதி அந்த இடைவேளையில் மாறியிருக்கிறது.

(இவர்களை கிளாம் மெட்டல், அதாவது பகட்டான உடையும் பளபளப்பான பாட்டுமாக வரும் ராக் வகை, என்று சொன்னால் குழுவினருக்கே பிடிக்காது, லாஸ் ஏஞ்சலஸ் குழுக்களோடு எங்களைச் சேர்க்காதீர்கள் என்பார்கள். ஆனால் அந்தப் பளபளப்பும் கூட்டமாகப் பாடும் கோரஸும் இங்கே இருக்கும் அளவுக்கு வேறு எங்கே இருக்கிறது? ‘ராக்கெட்’ பாட்டே அவர்கள் சிறுவயதில் கேட்ட எழுபதுகளின் பிரிட்டிஷ் கிளாம் பாட்டுகளுக்குப் போட்ட மாலைதான்.)

இப்போது சத்தத்துக்கு வருவோம். இந்த ஆல்பத்தில் ஐந்து பேர் ஒரே அறையில் நின்று வாசித்தது என்று எதுவுமே கிடையாது. டிரம்ஸ் சத்தங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எடுக்கப்பட்டு ஃபேர்லைட் என்ற கணினிக் கருவியில் ஏற்றப்பட்டவை, அதுவும் மற்ற எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக வைக்கப்பட்டவை. கித்தார்களைப் பெரிய ஆம்ப்ளிஃபயரில் அலறவிடாமல் ராக்மேன் என்ற கையடக்கப் பெட்டி வழியாகப் பதிந்திருக்கிறார்கள், அதனால்தான் அவை மெல்லிசாகவும் பளிங்கு மாதிரியும் ஒலிக்கின்றன. சில இடங்களில் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை) மொத்தமாக அடிக்காமல் அதன் சுரங்களை ஒவ்வொன்றாக வாசித்துச் சேர்த்திருக்கிறார்கள். பின்குரல்களோ அடுக்கின் மேல் அடுக்கு, நாலைந்து பேர் ஒரு மைதானமே பாடுகிற மாதிரி ஒலிப்பார்கள். இத்தனையையும் உட்கார்ந்து கலந்து முடித்தவர் மைக் ஷிப்லி. இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் கும்பிடுவது அவரைத்தான்.

சரி, ரீமாஸ்டர் என்றால் இந்த அடுக்குகளில் எதை மாற்றுகிறார்கள்? எதையும் இல்லை. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ரீமாஸ்டர் என்ற ஸ்டிக்கரைப் பார்த்ததும் டிரம்ஸ் இன்னும் திடமாக இருக்கும், ஸ்டீவ் கிளார்க்கின் கித்தாரும் ஃபில் காலனின் கித்தாரும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அதெல்லாம் மிக்ஸில், தனித்தனியாகப் பதிந்ததைக் கலக்கும்போதே, முடிந்துபோன விஷயம். சமையல் 1987இலேயே முடிந்துவிட்டது, மாஸ்டரிங் என்பது பரிமாறுவது. இலை பெரிதா சின்னதா, சூடாக வருகிறதா ஆறிப்போய் வருகிறதா என்பதுதான் அதில் மாறும். மொத்தச் சத்தத்தின் அளவு, கீழ்ச்சுரமும் மேல்ச்சுரமும் எவ்வளவு தூக்கலாக இருக்க வேண்டும், மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, இவ்வளவுதான். ஆகவே எந்தப் பதிப்பு என்று கேட்பதற்கு முன்னால், எந்த இலையில் சாப்பிடப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் அதிகம் அவதிப்பட்டது அங்கேதான். ஆல்பத்தின் மொத்த நீளம் 62 நிமிடம் 32 விநாடி. 1987இல் இதை ஒரே தட்டில் அடைத்தார்கள். முதல் பக்கம், ‘விமன்’ முதல் ‘ஆர்மகெடன் இட்’ வரை, சரியாக 32 நிமிடம். இரண்டாம் பக்கம் முப்பதரை நிமிடம். ஒரு தட்டின் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் வரைக்கும்தான் வசதி. அதற்கு மேல் போகப் போக வரிகளை (ஊசி ஓடும் பள்ளங்களை) நெருக்கி வெட்ட வேண்டும். வரி நெருங்கினால் ஊசி பக்கவாட்டில் ஆட இடம் குறையும், அப்போது சத்தத்தைக் குறைத்து, பேஸையும் மட்டுப்படுத்தித்தான் வெட்ட முடியும். சத்தம் குறைந்து வெட்டிய தட்டில் நாம் வால்யூமைக் கூட்டுவோம், கூட்டினால் கூடவே தட்டின் இரைச்சலும் பொட்டுப் பொட்டென்ற சத்தமும் கூடும்.

இதோடு முடியவில்லை. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே வேகத்தில் சுற்றினாலும், வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் வரி ஓடுகிறது, உள்ளே நடுத்துளையை நெருங்கும்போது 20ஐ ஒட்டிக் குறைந்துவிடுகிறது. அதே இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் எழுதுகிற மாதிரி. அதனால் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டுகளிலும் ‘ஸ்’ ‘ஷ்’ சத்தங்களும் டிரம்ஸின் தகடுகளும் பிசிறடிக்கும். இப்போது பாட்டு வரிசையைப் பாருங்கள். ‘போர் சம் ஷுகர் ஆன் மீ’ முதல் பக்கத்தில் ஐந்தாவது, அதற்கு அப்புறம் ஒரே ஒரு பாட்டுதான். ஆல்பத்தின் மிகப் பெரிய பாட்டு, ‘ஷு’ என்ற சத்தத்தை வைத்தே கோரஸ் கட்டிய பாட்டு, தட்டின் மோசமான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

நான் பழைய தட்டை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து, நல்ல நிலை என்று அவர் சொன்னதை நம்பி, தபால் செலவோடு வாங்கினேன். போட்டுக் கேட்டால் எல்லாம் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக வருகிற மாதிரி இருந்தது. ஊசி தேய்ந்துவிட்டது என்று புது ஊசி வாங்கினேன். அப்புறம் ஊசியைத் தாங்கும் டோன் ஆர்மின் எடையைச் சரிபார்த்தேன், தட்டைக் கழுவினேன், ஒன்றும் மாறவில்லை. தட்டில் கீறல் இல்லை, விற்றவர் பொய் சொல்லவும் இல்லை. ஒரு நாள் உறையின் பின்பக்கத்தில் பாட்டுகளின் நேரத்தைக் கூட்டிப் பார்த்தபோதுதான், 32 என்று வந்தபோதுதான், விஷயம் விளங்கியது. அந்தப் புது ஊசிக்கு ஆன காசில் 2017 தட்டில் பாதி வந்திருக்கும்.

2017 தட்டு இதே இசையை நான்கு பக்கங்களில் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பக்கத்துக்குச் சராசரி பதினைந்தரை நிமிடம். வரிகளுக்கு மூச்சு விட இடம் கிடைத்துவிட்டது. ரிக் சாவேஜின் பேஸ் ‘அனிமல்’ பாட்டில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது தட்டில் எனக்கு முதல்முறையாகக் கேட்டது இதில்தான். ‘காட்ஸ் ஆஃப் வார்’ தொடக்கத்தில் கித்தார் மெல்ல எழுந்து வருகிற அந்த இடமும், கடைசியில் குண்டுச் சத்தங்களுக்கு நடுவே ரீகன், தாட்சர் குரல்கள் வருகிற இடமும் இரைச்சலில் மூழ்காமல் நிற்கின்றன. நடுவில் மூன்று முறை எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும், மாற்ற வேண்டும். அது ஒரு தொந்தரவு என்று சொல்பவர்கள் உண்டு, எனக்குத் தொந்தரவாகத் தெரியவில்லை. ஆண்டி ஏர்ஃபிக்ஸ் வரைந்த அந்த அட்டையைப் பெரிய அளவில் கையில் வைத்துப் பார்க்கிற சந்தோஷமும் இதில்தான் கிடைக்கும். கேசட்டில் அதைத் தீப்பெட்டிப் படம் மாதிரிப் பார்த்தவன் நான்.

ஆகவே தட்டு விஷயத்தில் மறுவெளியீடு ஒரு உண்மையான குறையைச் சரிசெய்திருக்கிறது. அந்தக் குறை பொருளிலேயே இருந்த குறை, முதல் நாளிலிருந்து இருந்த குறை. முதல் அச்சு என்ற பெருமைக்காகப் பழைய தட்டை வாங்கி அலமாரியில் வைக்க ஆசைப்பட்டால் வாங்குங்கள், கேட்பதற்காக வாங்காதீர்கள்.

சிடிக்கு வந்தால் கதை தலைகீழ். சிடியில் 74 நிமிடம் வரை தாராளமாகப் போகும். 62 நிமிட ஆல்பத்துக்கு நெருக்கடியே இல்லை. லாங் இந்த ஆல்பத்தை இவ்வளவு நீளமாக வைத்ததற்கு நன்றாகப் பொருந்திய வடிவம் அந்த நாளில் சிடிதான். சரிசெய்ய வேண்டிய குறை எதுவும் 1987 சிடியில் கிடையாது. அப்புறம் ரீமாஸ்டரில் என்ன செய்வார்கள்? சத்தத்தைக் கூட்டுவார்கள். தொண்ணூறுகளிலிருந்து பல ரீமாஸ்டர்களுக்கும் வந்த வியாதி இது. அடுத்தவருடைய பாட்டுக்குப் பக்கத்தில் நம் பாட்டு மெலிதாகக் கேட்டுவிடக் கூடாது என்ற பயத்தில், உரத்த இடங்களின் உச்சியை அமுக்கிவிட்டு மொத்தத்தையும் மேலே தூக்குவார்கள். முதலில் கேட்கும்போது அட, எவ்வளவு பலமாக இருக்கிறது என்று தோன்றும். இருபது நிமிடத்தில் காது களைத்துவிடும்.

2017 ரீமாஸ்டர் இந்த விஷயத்தில் மோசமான உதாரணம் இல்லை, கேட்கும்படி இருக்கிறது. ஆனால் இந்த ஆல்பத்தின் அழகே அடுக்குகளில் இருக்கிறது, அடுக்குகள் தெரிய வேண்டுமென்றால் நடுவே வெற்றிடம் வேண்டும். ‘லவ் பைட்ஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள், 1988 அக்டோபரில் அமெரிக்க சிங்கிள் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. வரிகள் கிசுகிசுப்பாக வந்து, கோரஸில் திடீரென்று சுவர் மாதிரிக் குரல்கள் எழும். 1987 சிடியில் அந்தச் சுவர் எழும்போது மயிர்க்கூச்செறிகிறது. புதியதில் கிசுகிசுப்பே ஏற்கெனவே உரக்கத்தான் இருக்கிறது, அதனால் சுவர் எழுகிற உயரம் குறைந்துவிடுகிறது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம், ஆனால் ஒன்று, இரண்டின் வால்யூமையும் காதுக்குச் சமமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். குமிழைத் தொடாமல் மாற்றி மாற்றிப் போட்டால் சத்தமாக இருப்பதுதான் எப்போதும் ஜெயிக்கும், அது நம் காதின் பலவீனம்.

பழைய சிடியைத் தேடுவதும் கஷ்டமில்லை. கோடிக்கணக்கில் விற்ற பொருள், உலகம் முழுக்கப் பழைய கடைகளில் குவிந்து கிடக்கிறது, பல இடங்களில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குக் கிடைக்கும். முதுகில் 830 675-2 என்ற எண் இருக்கிறதா, ரீமாஸ்டர் என்ற சொல்லோ 2006, 2017 என்ற ஆண்டோ எங்கும் இல்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எந்த நாட்டு அச்சு, எந்தத் தொழிற்சாலை என்று ஆராய்ந்து பத்து மடங்கு விலை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் அபிப்பிராயம், அந்தக் காசை வைத்து ‘பைரோமேனியா’வையும் வாங்கிக்கொள்ளலாம்.

2006இல் ஒரு டீலக்ஸ் இரட்டை சிடி வந்தது. அதையும் சிலர் இன்னும் விற்கிறார்கள். ஆல்பத்துக்காக அதை வாங்க வேண்டாம், மேலே சொன்ன சத்தப் பிரச்சினை அதிலும் உண்டு. ஆனால் சிங்கிள்களின் பின்பக்கத்தில் வந்த பாட்டுகளுக்காக வாங்கலாம். ‘டேர் இட் டவுன்’, ‘ரிங் ஆஃப் ஃபயர்’, ‘ஐ வான்னா பி யுவர் ஹீரோ’, அப்புறம் 1979இல் அவர்களுடைய முதல் சின்னத் தட்டில் வந்து பிறகு புதிதாகப் பதிந்த ‘ரைட் இன்டு த சன்’. இவற்றில் முதலாவதை 1992 ஆல்பத்துக்காகத் திரும்பப் பதிந்தார்கள், மற்றவற்றை 1993இல் ‘ரெட்ரோ ஆக்டிவ்’ தொகுப்பில் ஒட்டி வெட்டி வெளியிட்டார்கள். அசல் வடிவத்தில், முரட்டுத்தனமாக, லாங்கின் பளபளப்பு இல்லாமல் அவை கேட்க வேண்டுமென்றால் இது மலிவான வழி. எனக்கு ‘டேர் இட் டவுன்’ அந்தப் பழைய வடிவத்தில்தான் பிடிக்கும்.

2017இன் பெரிய பெட்டி ஐந்து சிடியும் இரண்டு டிவிடியும் கொண்டது. பின்பக்கப் பாட்டுகள், நீட்டிய மிக்ஸ்கள், வீடியோக்கள், 1988இல் டென்வரில் அரங்கத்தின் நடுவே வட்ட மேடை போட்டு நடத்திய கச்சேரி, புத்தகங்கள் எல்லாம் உண்டு. விலை அதிகம். அந்தக் கச்சேரிக்காகவே வாங்கலாம் என்பேன், காரணம் ஸ்டீவ் கிளார்க். அவர் 1991 ஜனவரியில், 30 வயதில் இறந்துபோனார். ஸ்டுடியோவில் சுரம் சுரமாக ஒட்டப்பட்ட கித்தாரை, கித்தாரை முழங்கால் வரை தொங்கவிட்டுக்கொண்டு, அவர் மேடையில் எப்படி வாசித்தார் என்பதைக் கேட்க இது ஒரு வழி. அதில் அக்கறை இல்லை, ஆல்பம் மட்டும் போதும் என்பவருக்குப் பெட்டி தேவையே இல்லை. அலமாரியில் இடத்தை அடைக்கும்.

2018இல் முதல் நான்கு ஆல்பங்களையும் சேர்த்து ஒரு தொகுப்பு வந்தது. தட்டாகவும் சிடியாகவும் உண்டு. எண்பதுகளின் டெஃப் லெப்பர்ட் உங்களிடம் ஒன்றுமே இல்லை என்றால் மட்டும் அதை யோசியுங்கள்.

எதையும் வாங்காமல் போனிலேயே கேட்கிறேன் என்பவர்களுக்கு: 2018 ஜனவரி 19 வரை அதற்கே வழியில்லை. கம்பெனியோடு பணத் தகராறு, குழு தன் பழைய பாட்டுகளை இணையத்தில் விட மறுத்தது. அந்த இடைவெளியில் 2012இலும் 2013இலும் சில பாட்டுகளை அச்சு அசலாக அதே மாதிரி மறுபடி பதிந்து வெளியிட்டார்கள், அதில் ‘ஷுகர்’ உண்டு, ‘ஹிஸ்டீரியா’ பாட்டும் உண்டு. நல்ல வேலைதான், ஆனால் அது இந்த ஆல்பம் இல்லை, அந்தக் கித்தாரும் ஸ்டீவ் கிளார்க்குடையது இல்லை. பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் அந்த ஆண்டுகள் இருந்தால் தாண்டிப் போங்கள். இப்போது முழு ஆல்பமாகக் கிடைப்பது 2017 ரீமாஸ்டர். பஸ்ஸில், ஹெட்போனில், சுற்றிலும் இரைச்சலோடு கேட்பதற்கு அது உண்மையிலேயே வசதி, அந்த இடத்தில் பழைய சிடியின் மெல்லிய பகுதிகள் காதிலேயே விழாது. இதற்காகவாவது புதிய மாஸ்டர் இருப்பது நல்லது என்று ஒத்துக்கொள்கிறேன்.

கேட்ட நண்பரிடம் சின்னதாக ஒரு டர்ன்டேபிளும், அவர் மகள் வாங்கிக் கொடுத்த நல்ல ஸ்பீக்கரும் இருக்கின்றன. அவருக்கு இரட்டைத் தட்டு என்று சொல்லிவிட்டேன். கோடையில் பார்சல் வரவழைத்தால், வந்ததும் தட்டை உறையிலிருந்து எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைந்திருக்கிறதா என்று பாருங்கள், வெயிலில் நின்ற வண்டிக்குள் அரை நாள் இருந்தாலே தட்டு நெளிந்துவிடும், நெளிந்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். சரியாக இருந்தால் முதலில் ‘ஷுகர்’ போட வேண்டாம், அது எப்படியும் தெரியும். ‘காட்ஸ் ஆஃப் வார்’ போடுங்கள், விளக்கை அணைத்துவிட்டு.